அப்பாவுக்கு 3 வருடம், எனக்கு 10 வருடம்... சிகரெட்டை விட்டால் திரும்பக் கிடைக்கும் ஆயுள் கணக்கு!

மே மாதம் கடைசி வாரம் வந்துவிட்டால், எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு வேலை தவறாமல் வந்து நிற்கும். மே 31, உலக புகையிலை எதிர்ப்பு தினம். 'சிகரெட்டை நிறுத்த 10 காரணங்கள்' என்ற மாதிரி ஒரு கட்டுரை வேண்டும். கடந்த மூன்று வருடங்களாக அதை எழுதியது நான்தான். மூன்று முறையும் கட்டுரையை எடிட்டருக்கு அனுப்பிவிட்டு நான் நேராகப் போன இடம், ஆபீஸுக்குக் கீழே இருக்கும் டீக்கடை. ஒரு டீ, ஒரு சிகரெட்.

சிரிக்காதீர்கள். கெடுதல் என்று தெரியாமல் இங்கே யாரும் புகைப்பதில்லை. சிகரெட் பாக்கெட்டில் 85 சதவிகித இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. தியேட்டரில் படம் தொடங்குவதற்கு முன்பு ஒருமுறை, இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை எச்சரிக்கை ஓடுகிறது. படத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சிகரெட்டை உருவுவதும், எச்சரிக்கை ஓடும் நேரத்தில் பாப்கார்ன் வாங்கப் போவதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயங்கள்.

ஆனால், இந்த வருடக் கட்டுரையை டீக்கடைக்குப் போகாமல் எழுதுகிறேன். நான் சிகரெட்டைத் தொட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. அதற்குக் காரணம், நான் எழுதிய அந்தப் பத்தில் எதுவுமே இல்லை. என் அப்பாவின் கால்.

ஒவ்வொரு லைட் கம்பத்துக்கும் நின்ற அப்பா

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டிதான் எங்களுக்கு ஊர். ஒரு டிரிப் முடிந்தால் ஒரு சிகரெட் என்பது அவர் கணக்கு. நைட் ஹால்ட் என்றால் கணக்கே கிடையாது. ஒரு நாளைக்குச் சராசரியாக 15. அப்படியே 35 வருடங்கள். பெருக்கிப் பார்த்தால் 1,90,000 சிகரெட்டுகளைத் தாண்டுகிறது.

போன சரஸ்வதி பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பொரி, கடலை வாங்க அப்பாவோடு கடைத்தெருவுக்கு நடந்தேன். நூறடி போனதும் நின்றார். யாரையோ தேடுவதுபோல ரோட்டைப் பார்த்தார். மறுபடி நடந்தார். அடுத்த லைட் கம்பத்துக்குப் பக்கத்தில் மறுபடி நின்றார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல... சும்மாதாம்ல நிக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார். "ரெண்டு மாசமா இப்படித்தான்யா நிக்காக. கேட்டா நரம்பு இழுக்குன்னு சொல்லுதாக. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வர மாட்டேங்காக."

மறுநாள் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். டாக்டர் முதலில் அப்பாவின் கையில் பிரஷர் பார்த்தார். பிறகு கணுக்காலில் பார்த்தார். நல்ல ரத்த ஓட்டம் உள்ளவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டுமாம். அப்பாவுக்குக் கணுக்காலில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. நரம்பு இழுக்கவில்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது. நடக்கும்போது தசைக்கு அதிக ரத்தம் வேண்டும், அது கிடைக்காமல் வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது, வலி போகிறது. அதனால்தான் அந்த லைட் கம்பங்கள்.

"இதே அடைப்பு இதயத்துல வந்தா மாரடைப்பு, மூளைக்குப் போற குழாய்ல வந்தா பக்கவாதம். உங்களுக்குக் கால் முதல்ல சொல்லியிருக்கு. மாத்திரை தர்றேன், தினமும் நடங்க. ஆனா, சிகரெட்டை விடலைன்னா நான் எழுதித் தர்றதுக்குப் பெருசா பலன் இருக்காது" என்றார் டாக்டர். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "வீட்டுல வேற யாராவது பிடிக்கிறாங்களா?"

நான் புகைப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அப்பா கேட்டார். "நான் விட்டுருதேன். நீ விடுவியா?"

டென்ஷனைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தவன் நான். அப்போது 19 வயது. 'டென்ஷன் குறையும்' என்றுதான் எல்லோரையும்போல நானும் சொல்வேன். நிஜத்தில் நடப்பது வேறு.

புகையை உள்ளே இழுத்த 10 முதல் 20 விநாடிகளுக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது. ஒரு சின்ன இதம். ஆனால், சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் பாதியாகக் குறைந்துவிடும். மூளை அடுத்ததைக் கேட்கும். கிடைக்காவிட்டால் எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல். அடுத்த சிகரெட்டைப் பற்ற வைத்ததும் அது அடங்கும். நாம் 'சிகரெட் டென்ஷனைப் போக்கியது' என்று நினைப்போம். உண்மையில் அந்த டென்ஷனில் பாதியைக் கொண்டுவந்ததே முந்தைய சிகரெட்தான்.

இதைச் சரிபார்த்தும் இருக்கிறார்கள். 2014-ம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியானது. புகைப்பதை விட்டவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டதில், விட்டவர்களுக்குத்தான் மனப்பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. டெட்லைன் வேலையில் இருக்கும் எனக்கு, புற்றுநோய் எச்சரிக்கையைவிட இந்த ஒரு தகவல் உறைத்தது.

'ஒண்ணே ஒண்ணுதானே!'

புகைப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் சமாதானங்கள் சில இருக்கின்றன. நானும் செய்துகொண்டவன் என்பதால் நன்றாகவே தெரியும்.

'நான் பாக்கெட் பாக்கெட்டாகப் பிடிப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒன்றுதான்.' இதற்கான பதில் 2018-ல் வந்தது. அதுவும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்தான். தினமும் 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுதலாக ஏற்படும் இதயநோய் ஆபத்தில், தினமும் ஒன்று மட்டும் பிடிப்பவருக்கும் கிட்டத்தட்ட பாதி ஆபத்து இருக்கிறது. இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று நாம் போடும் கணக்கை உடம்பு போடுவதில்லை. ரத்தக்குழாயைச் சுருக்கவும், ரத்தத்தை உறைய வைக்கவும் கொஞ்சம் புகையே போதும்.

'நான் ஃபில்டர்தான் பிடிக்கிறேன்.' புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் 70 வரை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை ஃபில்டர் தடுப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும் வாயு அது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது அதனாலும்தான்.

'பீடி வெறும் இலைதானே!' இலைக்குள் இருப்பது புகையிலைதான். பீடி சீக்கிரம் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. சிகரெட்டுக்குக் குறையாத நிகோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகின்றன.

'அப்போ இ-சிகரெட்?' 2019-ல் இருந்தே இந்தியாவில் அதைத் தயாரிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

'எனக்குச் சின்ன வயசுதானே!' பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் 50 வயதுக்குக் கீழே, புகையிலை பயன்படுத்துபவர்களுக்கு மட்டுமே என்று சொல்லும் அளவுக்கு வருகிற நோய். கை, கால்களின் சிறிய ரத்தக்குழாய்கள் அடைத்து, விரல்கள் கறுத்து, வெட்டி எடுக்கும் நிலை வரை கொண்டுபோகும். அதைத் தடுத்து நிறுத்த உறுதியான வழி ஒன்றுதான். புகையிலையை முழுமையாக விடுவது.

சென்னையும் விழுப்புரமும் சொன்ன உண்மை

புகை என்றதும் நமக்குப் புற்றுநோய்தான் ஞாபகத்துக்கு வரும. ஆனால் நம் ஊரில் நடந்த ஓர் ஆய்வு வேறு ஒன்றையும் காட்டியது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ரிச்சர்டு பீட்டோ உள்ளிட்டோர், சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளிலிருந்து விவரம் சேகரித்தார்கள். உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003-ல் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின.

புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட சுமார் நான்கு மடங்கு அதிகம். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் மரணத்துக்குப் புகையும் காரணம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. காசநோய்க் கிருமி நம்மில் பலரின் உடம்பில் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. புகை நுரையீரலின் பாதுகாப்பைக் குறைத்து அதை எழுப்பிவிடுகிறது. காசநோய் என்றால் இருமல் மூலம் வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவும் நோய் என்பதை மறந்துவிடக் கூடாது.

நீங்கள் இழுக்கிறீர்கள்... வீடு இருமுகிறது

2016-17ல் மத்திய அரசு நடத்திய தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் வயது வந்தவர்களில் 28.6 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவது தெரியவந்தது. தமிழ்நாட்டில் இது 20 சதவிகிதம். புகைப்பவர்கள் மட்டும் நாடு முழுக்க சுமார் 10 கோடிப் பேர். ஆனால், வீட்டுக்குள் இன்னொருவர் விடும் புகையைச் சுவாசிப்பவர்கள் 38.7 சதவிகிதம். பத்துப் பேரில் ஒருவர் பிடிக்கிறார், பத்துப் பேரில் நான்கு பேர் சுவாசிக்கிறார்கள்.

உலகம் முழுவதும் ஒவ்வொரு வருடமும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புகையிலையால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், வாழ்நாளில் ஒரு சிகரெட்கூட பிடிக்காமல் அடுத்தவர் புகையால் பாதிக்கப்பட்டவர்கள்.

'நான் பால்கனியில்தான் பிடிக்கிறேன்' என்று சொல்பவர்களுக்கும் ஒரு விஷயம். புகையின் துகள்கள் சட்டையிலும் தலைமுடியிலும் விரலிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகின்றன. அதே சட்டையோடு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறோம். புகை சூழ்ந்த வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாத் தொந்தரவு, நெஞ்சு சளி, காதுத் தொற்று ஆகியவை அதிகம் வருகின்றன. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் புகைத்தால், குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் ஆபத்து கூடுகிறது.

அம்மாவுக்குப் பல வருடங்களாக வறட்டு இருமல் உண்டு. தூசி, பனி, மோர் என்று எதையெதையோ காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

பாக்கெட்டுக்குள் போன பைக்

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பிராண்டுக்குத் தகுந்த மாதிரி விலை மாறும். ஒரு சிகரெட் 20 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 10 என்றால் 200 ரூபாய். மாதம் 6,000. வருடத்துக்கு 73,000. எட்டு வருடங்களில் 5,84,000 ரூபாய்!

இதில் சிகரெட்டுக்குத் துணையாகக் குடித்த டீ, வாசனை போக வாங்கிய மிட்டாய், பபுள்கம் எதையும் சேர்க்கவில்லை. பைக் இ.எம்.ஐ கட்ட முடியவில்லை என்று நண்பனிடம் கடன் கேட்ட மாதத்தில்கூட சிகரெட்டுக்கு மட்டும் என்னிடம் பணம் இருந்திருக்கிறது. சில்லறையாக, ஒன்றிரண்டாக வாங்குவதால் இது நமக்குத் தெரிவதே இல்லை. ஒரு மாதம் மட்டும், வாங்கும் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் போனில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் நீங்களே கூட்டிப் பாருங்கள்.

நிறுத்திய 20-வது நிமிடத்திலிருந்து...

'இத்தனை வருஷம் பிடிச்சாச்சு. இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?' அப்பா ஆட்டோவில் கேட்ட இரண்டாவது கேள்வி இது. கடைசி சிகரெட்டை அணைத்த பிறகு உடம்பில் நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பட்டியலை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

* 20 நிமிடங்களில்: இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பிக்கின்றன.
* 12 மணி நேரத்தில்: ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவுக்கு வருகிறது.
* 2 முதல் 12 வாரங்களில்: ரத்த ஓட்டம் சீராகிறது. நுரையீரலின் செயல்திறன் கூடுகிறது.
* 1 முதல் 9 மாதங்களில்: இருமலும் மூச்சு வாங்குவதும் குறைகின்றன.
* 1 வருடத்தில்: இதயநோய் வரும் ஆபத்து, புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிறது.
* 5 முதல் 15 வருடங்களில்: பக்கவாத ஆபத்து, புகைக்காதவருக்கு இருக்கும் அளவுக்குக் குறைகிறது.
* 10 வருடங்களில்: நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, புகைப்பவருக்கு இருப்பதில் சுமார் பாதியாகிறது.
* 15 வருடங்களில்: இதயநோய் ஆபத்து, புகைக்காதவருக்கு இருப்பதைப்போல ஆகிவிடுகிறது.

பட்டியலில் 'ரத்த ஓட்டம் சீராகிறது' என்ற வரி வந்ததும், "அதைத் திரும்பப் படி" என்றார் அப்பா.

3 வருடம்... 10 வருடம்

இன்னொரு கணக்கும் இருக்கிறது. என்னை மாற்றியது அதுதான். 1951-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரு ஆய்வாளர்கள், அந்த நாட்டு டாக்டர்களிடம் அவர்களின் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டு எழுதி வாங்கினார்கள். அதில் ஆண் டாக்டர்களை 50 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2004-ல் வெளியானது. வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிட சராசரியாக 10 வருடங்கள் முன்னதாகவே இறந்துபோயிருந்தார்கள்.

ஆனால், நடுவில் விட்டவர்களுக்கு இழந்ததில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்திருந்தது. 60 வயதில் விட்டவர்களுக்கு சுமார் 3 வருடங்கள். 50 வயதில் விட்டவர்களுக்கு 6. 40 வயதில் விட்டவர்களுக்கு 9. 30 வயதில் விட்டவர்களுக்கு அந்த 10 வருடங்களும் ஏறக்குறைய முழுதாக!

அப்பாவுக்கு 60. எனக்கு 27. அதாவது அப்பாவுக்கு 3 வருடம், எனக்கு 10 வருடம். இது சராசரிக் கணக்கு என்பது தெரியும். ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உத்தரவாதம் இல்லை. ஆனாலும், அதைப் படித்தபோது எனக்குள் ஏதோ செய்தது. அப்பாவோடு இருக்க இன்னும் மூன்று தீபாவளிகள் என்றால் வேண்டாம் என்று சொல்வேனா? அதை நான் அவரிடம் கேட்பதற்கு முன்பு, என்னுடைய பத்தை நான் தூக்கி எறியாமல் இருக்க வேண்டுமே!

அந்த ஐந்து நிமிடங்கள்

ஊரிலிருந்து சென்னைக்குத் திரும்பிய திங்கட்கிழமையே நிறுத்தினேன். முதல் மூன்று நாள்கள் மோசம். தூக்கம் வரவில்லை. தலைவலி. பக்கத்து சீட்டுத் தோழியிடம் ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்திவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டேன். நிகோட்டின் இல்லாமல் உடம்பு தவிப்பது முதல் சில நாள்களில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். இது முன்பே தெரிந்திருந்ததால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

எனக்குக் கைகொடுத்த விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, தள்ளிப்போடுவது. 'இப்போது ஒன்று பிடித்தே ஆக வேண்டும்' என்ற வேகம் சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். 'வாழ்நாள் முழுக்கப் பிடிக்கக் கூடாது' என்று நினைத்தால் மலைப்பாக இருந்தது. 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று நினைத்தால் முடிந்தது. அந்த நேரத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரை மெதுவாகக் குடித்தேன். மூச்சை நன்றாக இழுத்து விட்டேன். யாருக்காவது போன் செய்தேன்.

இரண்டு, டீக்கடை. என் சிகரெட்டில் பாதி டீயோடு ஒட்டியது. முதல் மாதம் முழுக்க டீக்கடைக்கே போகவில்லை. ஆபீஸ் பேன்ட்ரியில் இருந்த லெமன் டீயோடு சமாளித்தேன். லைட்டர், ஆஷ் ட்ரே எல்லாவற்றையும் முதல் நாளே குப்பையில் போட்டேன்.

மூன்று, நிகோட்டின் சூயிங்கம். மெடிக்கல் ஷாப்பில் 2 மில்லிகிராம் வாங்கி, பபுள்கம் மாதிரி மென்று தள்ளினேன். தொண்டை எரிச்சல், விக்கல். மெதுவாகச் சில முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. டீ, காபி, ஜூஸ் குடித்த உடனே போடக் கூடாது. இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. கம் ஒத்துவராதவர்களுக்கு வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்கு, உதவி கேட்பது. எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் சுமார் 4 சதவிகிதம் பேர்தான் வெற்றி பெறுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'எனக்கு மன உறுதி இல்லை' என்று நாம் நம்மையே திட்டிக்கொள்வது தவறு. இது மன உறுதி மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

சிகரெட் பாக்கெட்டிலேயே ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 1800-11-2356. மத்திய அரசின் கட்டணமில்லாத புகையிலை மீட்பு உதவி எண். எட்டு வருடங்கள் என் சட்டைப் பையில் இருந்த எண், ஒருமுறைகூட அழைத்ததில்லை. ஐந்தாவது நாள் அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். "காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட் பிடிப்பீங்க?" என்பது முதல் கேள்வி. அதை வைத்து, பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்துகொள்கிறார்கள். அறிவுரை இல்லை, திட்டு இல்லை. சில நாள்கள் கழித்து அவர்களே அழைத்து எப்படி இருக்கிறேன் என்று விசாரித்தார்கள். பேசத் தயங்குபவர்கள் 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், குறுஞ்செய்திகள் மூலம் வழிகாட்டுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் புகையிலை மீட்பு மையங்கள் செயல்படுகின்றன.

12-வது நாள் வந்த போன்

எல்லாம் சுபம் என்று முடித்தால் அது பொய்யாகிவிடும். 12-வது நாள் இரவு அப்பா போன் செய்தார். வழக்கமாக அம்மாதான் பேசுவார். "ஏல, டெப்போ பக்கம் போனேன். பழைய பயலுக எல்லாம் நின்னானுக. ஒண்ணு பிடிச்சிட்டேன்" என்றார். 

கோபம் வந்தது. ஆனால், உதவி எண்ணில் பேசியவர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. சறுக்குவது தோல்வி இல்லை. பெரும்பாலானவர்கள் பல முறை முயன்றுதான் விடுகிறார்கள். ஒன்று பிடித்துவிட்டோம் என்பதற்காக 'இனி எல்லாம் போச்சு' என்று பாக்கெட் வாங்குவதுதான் ஆபத்து. வீட்டில் இருப்பவர்கள் குத்திக் காட்டினால் அடுத்த முறை மறைத்துத்தான் பிடிப்பார்கள். "சொன்னதே பெரிய விஷயம்ப்பா. நாளைக்கு மறுபடி முதல் நாள்னு வச்சுக்குவோம்" என்றேன்.

அப்பா மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சறுக்கினார். இன்னொரு முறை ஆரம்பித்தார். மாத்திரையும் தினசரி நடையும் தொடர்கின்றன. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, கடைத்தெரு வரை ஒரே ஒரு இடத்தில்தான் நின்றார். அம்மாவின் இருமலும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. 15 சிகரெட், இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று என்று வந்து நிற்கிறது. அதையும் வாசலுக்குப் போய்தான் பிடிக்கிறார். அந்த ஒன்றைப் பற்றித்தான் இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.

நான் எழுதிய பத்துக் காரணங்களும் உண்மைதான். ஆனால், பத்தும் ஒருவருக்குத் தேவைப்படாது. ஒன்று போதும், அது உங்களுடையதாக இருந்தால். அது பணமாக இருக்கலாம். படி ஏறும்போது வாங்கும் மூச்சாக இருக்கலாம். 'அப்பா, உங்க மேல நாத்தம் அடிக்குது' என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக இருக்கலாம். அதை ஒரு தாளில் எழுதி, சிகரெட் வைக்கும் பாக்கெட்டில் வையுங்கள். ஒரு தேதி குறியுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். பிறகு அந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அப்பா என் கட்டுரைகள் எல்லாவற்றையும் போனில் படித்துவிடுவார். இதையும் படிப்பார். அதனால் நேரில் சொல்லத் தயங்கியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா, ராத்திரி அந்த ஒண்ணு மட்டும்தான் பாக்கி. வர்ற சரஸ்வதி பூஜைக்குப் பொரி வாங்க, எங்கேயும் நிக்காம நடந்து போவோம்.